‘வராதே’ என்பது தீர்ப்பாகாது

2025 மார்ச் 24 அன்று பிரிட்டன் அரசு நான்கு பெயர்களை வெளியிட்டது: சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, கருணா அம்மான் என்று அறியப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன். முதல் மூவரும் இலங்கைப் படைகளின் உச்சப் பதவிகளில் இருந்தவர்கள். நான்காமவர் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து, 2004-இல் பிரிந்து, அரசோடு சேர்ந்து, துணை அமைச்சர் வரை உயர்ந்தவர். உள்நாட்டுப் போரில் நடந்த கொடிய மனித உரிமை மீறல்களுக்காக இவர்கள் இனி பிரிட்டன் மண்ணில் கால்வைக்க முடியாது, அங்கே சொத்து இருந்தால் அது முடக்கப்படும் என்று லண்டன் அறிவித்தது.

போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து 16 ஆண்டுகள் நிறையப்போகும் நேரத்தில் வந்த அறிவிப்பு அது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் பெற்ற ஒரு நாடு பெயரையும் பதவியையும் காரணத்தையும் சொல்லி எழுதிவைத்திருக்கிறதே என்று அன்று எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. ஆனால், பட்டியலின் கடைசிப் பெயரைப் படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

கருணா பிரிட்டனுக்குப் புதியவர் அல்லர். 2007 நவம்பரில் லண்டனில் அவர் பிடிபட்டார். வேறொருவர் பெயரில் வழங்கப்பட்ட இலங்கை ராஜதந்திரக் கடவுச்சீட்டில் அந்த நாட்டுக்குள் வந்திருந்தார். 2008 ஜனவரியில் நீதிமன்றம் 9 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றம், பொய் அடையாள ஆவணம் வைத்திருந்தது. அவர் சிறையில் இருந்த அந்த மாதங்களில் மனித உரிமை அமைப்புகள் கெஞ்சிக் கேட்டன: பிள்ளைகளைப் படையில் சேர்த்ததற்கும், கடத்தல்களுக்கும், கொலைகளுக்கும் இவர்மீது இங்கேயே வழக்குத் தொடுங்கள். போதிய சான்று இல்லை என்று அரசு வழக்குத் தொடுப்புத் துறை கைவிரித்தது. 2008 ஜூலையில் அவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இலங்கை நாடாளுமன்ற உறுப்பினர். 2009 மார்ச்சில், வன்னியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, அமைச்சர்.

கையில் இருந்தபோது கடவுச்சீட்டுக்கு மட்டும் தண்டித்து அனுப்பிய நாடு, 17 ஆண்டுகள் கழித்து ‘வராதே’ என்கிறது. உலகம் முழுவதும் இன்று பெருகிவரும் நுழைவுத் தடைகளைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருக்கிறது. பெரிய மனிதர்கள் செய்த பெரிய குற்றங்களுக்கு விசாரணை என்ற கடினமான வேலையைச் செய்யாமல், விசா மறுப்பு என்ற எளிதான வேலையைச் செய்துவிட்டு அரசுகள் கணக்கை மூடிக்கொள்கின்றன.

அந்த வேலை எவ்வளவு எளிது என்பது விசா நேர்காணலுக்கு வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். கண்ணாடிக்கு அப்பால் ஓர் அதிகாரி. இரண்டு கேள்வி. கடவுச்சீட்டு திரும்பி வரும்போது கூடவே ஒரு அச்சடித்த தாள். ஏன் என்று கேட்க முடியாது, கேட்டாலும் பதில் வராது. அயல்நாட்டவர் யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் இறையாண்மை. விசா யாருடைய உரிமையும் அல்ல. சாதாரணப் பயணிக்கு நடப்பதே அமைச்சருக்கும் எழுத்தாளருக்கும் தளபதிக்கும் நடக்கிறது. ஒரே வேறுபாடு, அவர்கள் விஷயத்தில் அது செய்தியாகிறது. அமெரிக்கச் சட்டத்தில் 7031(சி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெரும் ஊழலிலோ கொடிய மனித உரிமை மீறலிலோ ஓர் அயல்நாட்டு அதிகாரிக்குப் பங்கு உண்டு என்று ‘நம்பத்தகுந்த தகவல்’ இருந்தால் போதும், அவரும் அவருடைய நெருங்கிய குடும்பத்தாரும் உள்ளே வர முடியாது. பிரிட்டன் சட்டத்தில் ‘சந்தேகிக்க நியாயமான காரணம்’ இருந்தால் போதும். சாட்சி கூண்டில் ஏற வேண்டியதில்லை. குறுக்கு விசாரணை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் முதலில் கேட்க வேண்டியதில்லை.

இப்படியொரு அதிகாரம் நல்ல கையில் இருந்தாலே அஞ்ச வேண்டும். அது இருந்த கைகளைப் பாருங்கள்.

1952 செப்டம்பரில் சார்லி சாப்ளின் தன் ‘லைம்லைட்’ படத்தின் வெளியீட்டுக்காக மனைவி மக்களோடு நியூயார்க்கில் கப்பல் ஏறினார். குயின் எலிசபெத் கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் மெக்ரானரி ரத்துசெய்துவிட்டார். சுமார் 40 ஆண்டுகள் அந்த நாட்டில் வாழ்ந்து, அந்த நாட்டின் சினிமாவையே உருவாக்கியவர்களில் ஒருவர், குடியுரிமை வாங்காத ஒரே காரணத்தால் கடலிலேயே வெளியாள் ஆனார். சுவிட்சர்லாந்தில் போய்க் குடியேறினார். 1972-இல் சிறப்பு ஆஸ்கர் வாங்கத்தான் மீண்டும் அங்கே கால்வைத்தார். அரங்கம் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. பறித்துக்கொண்ட 20 ஆண்டுகளை அந்தக் கைதட்டல் திருப்பித் தரவில்லை.

அதே 1952-இல் வந்த மெக்கரன்–வால்டர் சட்டம் கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தவர்களுக்கெல்லாம் கதவைச் சாத்தியது. கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1961 வாக்கில் கியூபாவின் செய்தி நிறுவனத்துக்காக நியூயார்க்கில் வேலை பார்த்தவர். அதன் பிறகு சுமார் 30 ஆண்டுகள் அவருக்கு வழக்கமான விசா கிடையாது. நோபல் பரிசு பெற்ற பிறகும் ஒவ்வொரு முறையும் சிறப்பு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கிளிண்டன் காலத்தில்தான் அந்தத் தடை போனது. பெல்ஜியப் பொருளாதார அறிஞர் எர்னெஸ்ட் மாண்டேலைப் பேச அழைத்த அமெரிக்கப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவருக்கு வர உரிமை இல்லாமல் இருக்கலாம், அவர் பேச்சைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். 1972-இல் 6 நீதிபதிகள் அரசின் பக்கம், 3 பேர் மாற்றுக் கருத்து. மாற்றுக் கருத்து எழுதியவர்களில் தர்குட் மார்ஷல் ஒருவர். அந்த மூவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. நுழைவுத் தடையில் இழப்பு வெளியே நிற்பவருக்கு மட்டுமல்ல, உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவருக்கும்தான். 2025-இல் 91 வயது வோலே சோயிங்காவின் அமெரிக்க விசா ரத்தான செய்தியைப் படித்தபோது, இந்த 70 ஆண்டுகளில் ஏதும் மாறவில்லையே என்ற வருத்தமே மிஞ்சியது.

ஒருவரை உள்ளே விடவில்லை என்பதற்காக ஓர் உலக மன்றமே இடம்பெயர்ந்த கதையும் உண்டு. 1988 நவம்பரில் யாசர் அராபத்துக்கு அமெரிக்கா விசா மறுத்தது. ஐ.நா. தலைமையகம் நியூயார்க்கில் இருப்பதால், அங்கே வருபவர்களைத் தடுப்பதில்லை என்று 1947-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருந்தும் மறுத்தது. பொதுச் சபை 154 வாக்குகளோடு தன் கூட்டத்தையே ஜெனீவாவுக்கு மாற்றிக்கொண்டது. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. டிசம்பரில் அராபத் அங்கே பேசினார். 2025 ஆகஸ்டில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸுக்கு அதே மறுப்பு நேர்ந்தது. இந்த முறை சபை எங்கும் நகரவில்லை. அவர் காணொளியில் பேசினார்.

இதையெல்லாம் வெளியூர்க் கதையாகச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதவைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கேரள மீனவ மக்களைப் பற்றி 30 ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வு செய்த மானுடவியலாளர் பிலிப்போ ஓசெல்லா, 2022 மார்ச்சில் ஒரு கருத்தரங்குக்காகத் திருவனந்தபுரத்தில் இறங்கியதும் திருப்பி அனுப்பப்பட்டார். 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசின் அழைப்பில், அரசியலமைப்பைப் பற்றிய மாநாட்டில் பேச வந்த லண்டன் பேராசிரியர் நிதாஷா கவுல், பெங்களூரு விமான நிலையத்தோடு திரும்பினார். 2025 அக்டோபரில், இந்தி இலக்கிய ஆய்வுக்கு வாழ்நாளைக் கொடுத்த பிரான்செஸ்கா ஓர்சினி டெல்லியில் நிறுத்தப்பட்டார். உரிய காரணம் சொல்லப்படவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். இவர்களில் எவரும் எந்த ஊரிலும் குண்டு போட்டவர் அல்லர்.

2010 ஏப்ரல் 16 இரவைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. மலேசியாவிலிருந்து வந்த விமானம் மீனம்பாக்கத்தில் நிற்கிறது. உள்ளே, 80 வயதைத் தொட்ட, பக்கவாதத்தால் நலிந்த பார்வதி அம்மாள். சென்னையில் மருத்துவம் பார்ப்பதற்காக இந்தியா கொடுத்த விசா அவர் கையில் இருக்கிறது. வெளியே வைகோவும் பழ. நெடுமாறனும் காத்திருக்கிறார்கள். அவரைத் தரையில் இறங்கவே விடவில்லை. வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். 2003-இல் மாநில அரசு கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்பட்ட கறுப்புப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததாம். அவர் செய்தது என்ன? பிரபாகரனைப் பெற்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, நிபந்தனைகளோடு வரலாம் என்று மத்திய அரசு சொன்னது. அவர் வரவில்லை. 2011 பிப்ரவரியில் வல்வெட்டித்துறையில் காலமானார். விசா வழங்கிய கையெழுத்தும் இந்த அரசுடையது, இறங்காதே என்று சொன்ன குரலும் இந்த அரசுடையது. எதற்கு எது பதில் என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை. அந்த இரவில் வாசலில் நின்ற வைகோவுக்கே 2017 ஜூனில் அது நேர்ந்தது. பினாங்கு துணை முதல்வர் ராமசாமியின் இல்லத் திருமணத்துக்கு விசாவோடு போனவரைக் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, பேச்சுக்காக விதிக்கும் தடையும் உறவுக்காக விதிக்கும் தடையும் தவறு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பேசுபவரின் கருத்து நஞ்சாகவே இருந்தாலும், அவர் வந்து சட்டத்தை மீறினால் வழக்குப் போட உள்ளூரில் சட்டம் இருக்கிறது. டச்சு அரசியல்வாதி கீர்ட் வில்டர்ஸை 2009 பிப்ரவரியில் ஹீத்ரோவில் நிறுத்தித் திருப்பிய பிரிட்டன், அதே ஆண்டு அக்டோபரில் தீர்ப்பாயத்தில் தோற்றது. முஸ்லிம்களுக்கு எதிரான அவருடைய பேச்சு எனக்கு அருவருப்பானது. ஆனாலும், அரசு தோற்றது சரி.

செயலுக்காக, அதாவது கொலைக்கும் சித்திரவதைக்கும் ஆட்கடத்தலுக்கும் விதிக்கும் தடை வேறு வகை. அங்கேதான் என் கேள்வி கூர்மையாகிறது. முதல் சங்கடம், அது ஆளைப் பார்த்து விழுகிறது. கர்ட் வால்ட்ஹைம் 10 ஆண்டுகள் ஐ.நா. பொதுச் செயலாளராக நியூயார்க்கில் வாழ்ந்தவர். நாஜி ராணுவத்தில் பால்கன் பகுதியில் அவர் பார்த்த வேலை வெளியே வந்ததும், 1987 ஏப்ரலில் அமெரிக்கா அவரைத் தடைப் பட்டியலில் வைத்தது. அப்போது அவர் ஆஸ்திரியாவின் குடியரசுத் தலைவர். பதவியில் இருந்த ஒரு நாட்டுத் தலைவர் மீது இப்படி விழுந்தது அபூர்வம். 2007-இல் இறக்கும்வரை அது விலகவில்லை. சிறிய நாடு என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2005 மார்ச் 18 அன்று குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடிக்கு அமெரிக்கா ராஜதந்திர விசாவை மறுத்தது, ஏற்கெனவே இருந்த விசாவையும் ரத்துசெய்தது. 1,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட 2002 கலவரத்தைக் காரணம் காட்டி, மதச் சுதந்திர மீறல் பற்றிய சட்டப் பிரிவைப் பயன்படுத்தியது. கட்சி வேறுபாடு பாராமல் மன்மோகன் சிங் அரசு ஆட்சேபித்தது. இரண்டு நாள் கழித்து நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடியவர்களிடம் மோடி செயற்கைக்கோள் வழியாகப் பேசினார். 2014 மே மாதம் அவர் பிரதமராகத் தேர்வானதும் ஒபாமாவின் அழைப்பு வந்தது. செப்டம்பரில் அதே அரங்கில் நேரில் நின்று பேசினார். இந்திய நீதிமன்றங்களில் அவர் மீதான புகார்களின் கதி தனிக்கதை. சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால், அமெரிக்கத் தடை விலகியது எந்த நீதிமன்றத்தாலும் அல்ல, தேர்தல் முடிவால். 2005-இல் சொன்ன காரணம் சரியென்றால் 2014-இல் அது எங்கே போனது? அது தவறென்றால் ஒன்பது ஆண்டுகள் ஏன் நீடித்தது? மோடியை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சேர்ந்தே கேட்க வேண்டிய கேள்வி இது.

பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் அமெரிக்கா 76 சவூதியர்களுக்கு விசா கட்டுப்பாடு விதித்தது. அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் தந்தவர் பட்டத்து இளவரசர் என்று அதே நாளில் வெளியான அமெரிக்க உளவு அறிக்கையே மதிப்பிட்டது. அவர் பெயர் அந்த 76-இல் இல்லை. 2025 நவம்பரில் அவர் வெள்ளை மாளிகையில் வரவேற்கப்பட்டார். இன்னொரு பக்கம், நெல்சன் மண்டேலா அதிபராகி, நோபல் பெற்று, ஓய்வும் பெற்ற பிறகும் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தார். அவருடைய 90-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, 2008 ஜூலையில்தான் சட்டம் போட்டு அந்தப் பெயரை எடுத்தார்கள். இன்று அதே ஆயுதம் நீதிமன்றத்தின் மீதே திரும்பியிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் நடந்த குற்றங்களை விசாரிக்க முனைந்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத் தலைமை வழக்குரைஞர் பாத்து பென்சூடாவின் விசாவை 2019-இல் அமெரிக்கா பறித்தது. அவருக்குப் பின் வந்த கரீம் கான் மீதும் 2025-இல் தடை. கொலைகாரனுக்கும் நீதிபதிக்கும் ஒரே கதவைச் சாத்தும்போது, கதவு சாத்தப்பட்டது என்பதை மட்டும் வைத்து யார் குற்றவாளி என்று உலகம் எப்படிச் சொல்லும்?

இலங்கைக்கு வருகிறேன். இந்தக் கதவை இரு பக்கத்திலிருந்தும் சாத்திய நாடு அது. 2009 ஏப்ரல் இறுதியில் பிரிட்டன், பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர்களோடு கொழும்பு போகவிருந்த ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர் கார்ல் பில்ட்டுக்கு மட்டும் விசா மறுத்தது. வன்னிக் கடற்கரையில் பல்லாயிரக்கணக்கானோர் சிக்கியிருந்த நாட்கள் அவை. போர் முடிந்த அடுத்த மாதம் கனடா நாடாளுமன்ற உறுப்பினர் பாப் ரேயைக் கட்டுநாயக்கவில் நிறுத்தித் திருப்பியது. 2014-இல் ஐ.நா. மனித உரிமை விசாரணைக் குழுவை நாட்டுக்குள் விடமாட்டோம் என்று அன்றைய அதிபர் மஹிந்த ராஜபக்ச வெளிப்படையாகவே அறிவித்தார். சாட்சியைத் தேடி வருபவரை உள்ளே விடாத நாட்டின் தளபதிகளை, நாங்களும் உள்ளே விடமாட்டோம் என்று மேற்கு நாடுகள் சொல்வதால் சாட்சி எங்கே போய்ச் சொல்வது?

மிருசுவிலை நினைத்துப் பார்க்கிறேன். 2000 டிசம்பர் 19. இடம்பெயர்ந்திருந்த சில குடும்பத்தார், விட்டுவந்த வீடு வாசலைப் பார்த்துவரலாம் என்று மிருசுவிலுக்குத் திரும்புகிறார்கள். எட்டுப் பேர் கழுத்தறுக்கப்பட்டு ஒரு மலக்குழியில் புதைக்கப்பட்டார்கள். அதில் ஒரு குழந்தைக்கு வயது 5. தப்பித்த ஒருவரின் வாக்குமூலத்தால் வழக்கு நின்றது. இலங்கையின் சொந்த நீதிமன்றம் 2015 ஜூனில் ராணுவ ஸ்டாஃப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 15 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி வாங்கிய தீர்ப்பு அது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது, அதிபர் கோட்டாபய ராஜபக்ச ஒரு கையெழுத்தில் மன்னித்து வெளியே விட்டார். பிறகு ரத்நாயக்க மீது 2021 டிசம்பரில் அமெரிக்கா தடை விதித்தது, 2023 ஜனவரியில் கனடா. கனடா அந்தக் கோட்டாபயவையும் மஹிந்தவையும் அதே பட்டியலில் சேர்த்தது நல்ல துணிச்சல். ஆனால், அந்த எட்டுப் பேரின் வீட்டாருக்கு இப்போது மிச்சமிருப்பது என்ன? பிள்ளையைக் கொன்றவர் நயாகரா பார்க்க முடியாது என்பது.

இந்தத் தடைகளால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் சவேந்திர சில்வாவின் பெயரை அமெரிக்கா அறிவித்தபோது, அவர் பதவியில் இருந்த ராணுவத் தளபதி. 2009-இல் 58-ஆவது படைப்பிரிவின் தலைவராக அவருக்குள்ள கட்டளைப் பொறுப்பைச் சுட்டி, சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் என்ற சொல்லையே அது பயன்படுத்தியது. அவருடைய நியமனத்தை அடுத்து இலங்கை ராணுவத்தினரை அமைதிப் படைக்கு எடுப்பதை ஐ.நா. 2019-லேயே நிறுத்திவைத்தது. இவை படைக்கு வலிக்கும். கொழும்பில் 11 இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கில் கடற்படை முன்னாள் தளபதி கரன்னாகொட மீதான குற்றச்சாட்டை 2021-இல் இலங்கை அரசே கைவிட்டு, அதே டிசம்பரில் அவரை மாகாண ஆளுநராகவும் ஆக்கியது. அந்தக் கோப்பைக் குப்பையில் போடாமல் 2023-இல் அமெரிக்கத் தடைதான் பிடித்து நிறுத்தியது. அந்த அளவுக்கு நன்றி. என் மனத்தாங்கல், அந்தப் பட்டியலோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போவதில்தான்.

ஏனென்றால், வேறு வழி உண்டு என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1998 அக்டோபர் 16 அன்று சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்திருந்தார். ஸ்பெயின் நீதிபதி பால்தசார் கர்சோனின் பிடியாணையோடு போலீஸ் வந்து கட்டிலருகில் நின்றது. முன்னாள் நாட்டுத் தலைவர் என்றாலும் சித்திரவதைக் குற்றத்துக்கு விலக்கு இல்லை என்று 1999 மார்ச்சில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். உடல்நிலை சொல்லி 2000-இல் அவர் ஊர் திரும்பியது உண்மைதான். ஆனால், அந்தக் கைதுக்குப் பிறகே சிலி நாட்டு நீதிமன்றங்களுக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. வழக்குகள் சூழ்ந்த நிலையிலேயே 2006-இல் அவர் இறந்தார். பினோசேவுக்கு பிரிட்டன் விசா மறுத்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

சிரியாவின் மனித உரிமை வழக்கறிஞர் அன்வர் அல்-புன்னி, அகதியாக பெர்லின் வந்து சேர்ந்த 2014-இல், மரியன்ஃபெல்டே அகதி முகாமில் ஒரு முகத்தைப் பார்க்கிறார். எங்கோ பார்த்த முகம். யாரென்று தெரிய நாளானது. தன்னை டமாஸ்கஸில் கைதுசெய்த உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லான். அவரும் அகதியாகவே ஜெர்மனிக்குள் வந்திருந்தார். ஜெர்மனி அவரைப் பிடித்து நாடு கடத்தவில்லை. வழக்குத் தொடுத்தது. கோப்ளென்ஸ் நீதிமன்றத்தில் சிரியர்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை. குற்றம் எந்த நாட்டில் நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற உலகளாவிய அதிகார வரம்பு ஜெர்மன் சட்டத்தில் இருந்தது. எழுதிவைத்த அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் மனமும் அங்கே இருந்தது.

அந்த மனம் இல்லாவிட்டால், ஆள் உள்ளே வந்தாலும் ஒன்றும் நடக்காது. 2022 ஜூலையில் மக்கள் எழுச்சிக்கு அஞ்சி ஓடிய கோட்டாபயவுக்குக் கட்டுநாயக்கவில் சொந்த நாட்டுக் குடிவரவு அதிகாரிகளே முத்திரை குத்த மறுத்ததாகச் செய்திகள் வந்தன. ராணுவ விமானத்தில் மாலத்தீவு போய், அங்கிருந்து சிங்கப்பூர் போனார். அங்கே அவரைக் கைதுசெய்து விசாரிக்கும்படி, போர்க்குற்றச் சான்றுகளைத் திரட்டிவரும் யஸ்மின் சூக்காவின் அமைப்பு 63 பக்கப் புகாரை அட்டர்னி ஜெனரலிடம் கொடுத்தது. சில வாரங்கள் அவர் அந்த நகரத்தில் இருந்தார். பிறகு தாய்லாந்து. பிறகு செப்டம்பரில் வீடு. எந்த நாடும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜகத் ஜயசூரிய பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளுக்குத் தூதராக இருந்தபோதும் 2017 ஆகஸ்டில் புகார் பதிவானது. அவர் ஊர் திரும்பிவிட்டார்.

பிரிட்டனிடம் கேட்க வேண்டியது இதுதான்: ‘சந்தேகிக்க நியாயமான காரணம்’ உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் காரணம் இருக்கும் கோப்பை வெளியுறவு அலுவலகத்தில் வைக்காமல் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவுக்கு அனுப்புங்கள். சாட்சிகளில் பலர் உங்கள் ஊரிலேயே, ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் வாக்குமூலம் வாங்குங்கள். இலங்கைச் சான்றுகளைத் திரட்ட 2021-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த பிரிவு ஜெனீவாவில் இருக்கிறது, அதனிடம் கேளுங்கள். பிடியாணை தயாராகட்டும். அதன் பிறகு அவர்கள் வந்தால் வரட்டும். இந்தியாவிலும் இந்தத் திசையில் சட்டம் போதவில்லை. போர்க்குற்றம் செய்த அயல்நாட்டவர் நம் மண்ணில் இறங்கினால் விசாரிக்க நமக்குத் தெளிவான வழியில்லை என்பதைத் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரு தனிநபர் மசோதாவாகவாவது எழுப்பியிருக்கலாம். கறுப்புப் பட்டியலில் ஒரு நோயாளித் தாயின் பெயரை ஏற்றத் தெரிந்த அரசு இயந்திரத்துக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று கந்தசாமி கோயில் முன்பு உட்கார்ந்த தாய்மார்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கில் கேட்டுவருவது ஒன்றுதான்: கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே? இதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் யாரென்று இந்தப் பட்டியல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

2000 அக்டோபர் 19 இரவு. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். போகும்போது வீட்டுக்குள் கைக்குண்டையும் வீசினார்கள். உள்ளூரில் அந்த வழக்கு எங்கும் போய்ச் சேரவில்லை. 21 ஆண்டுகள் கடந்து, 2022 பிப்ரவரியில், லண்டன் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவினர் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போய், அந்தக் கொலை தொடர்பாக 48 வயது ஆள் ஒருவரைக் கைதுசெய்தார்கள். விசாரணை தொடர்கிறது என்று சொல்லி, சாட்சி தெரிந்தவர்கள் முன்வாருங்கள் என்று தமிழர்களிடமும் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆள் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவரிடம் கேட்க முடிந்ததே, அவர் அந்த நாட்டுக்குள் இருந்ததால்தான்.